எரிந்த போரியல் காட்டின் (வடகோடி ஊசியிலைக் காட்டின்) மண் எவ்வளவு கார்பனை இழந்தது: களத்தில் அளந்து கணக்கிடும் முறை

கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதியில் 2014ஆம் ஆண்டுக் கோடையில் சுமார் 28.5 லட்சம் ஹெக்டேர் நிலம் எரிந்தது. அத்தீயில் வெளியேறிய கார்பன் ஏறத்தாழ 9.4 கோடி டன் என்று, எரிந்த காடுகளுக்குள் சென்று அளந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்; சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கிலோவுக்குச் சற்று அதிகம். அதன் மிகப் பெரும்பகுதி, பாசியும் ஊசியிலைச் சருகும் மட்கிய வேர்களும் பல நூற்றாண்டுகளாகப் படிந்து மரங்களின் அடியில் உருவாக்கிய மட்கு அடுக்கிலிருந்து வந்தது. நின்ற மரங்களின் பங்கு அதில் சிறியது. குளிரும் ஈரமும் மிகுந்த வடக்கில் இறந்த தாவரங்கள் மட்க நெடுங்காலம் ஆவதால்தான் இந்த அடுக்கு இவ்வளவு தடிப்பாக வளர்கிறது. ஆகவே போரியல் தீ ஒன்றின் கார்பன் கணக்கைப் போட விரும்புபவர் முதலில் தரையைத்தான் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மண்ணியல், வனவியல், சூழலியல் படித்துவிட்டு வட நாடுகளில் முதல் களப்பணிக்குத் தயாராகும் மாணவரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாகக் கொண்டிருப்பது கிரேட் ஸ்லேவ் ஏரியைச் சூழ்ந்த கருப்பு ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரக் காடுகள். பின்லாந்திலோ சைபீரியாவிலோ வேலை செய்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: வட அமெரிக்கக் காடுகளில் தீ பெரும்பாலும் மர உச்சிவரை ஏறித் தோப்பையே கொன்றுவிடுகிறது, ஸ்காட்ஸ் பைனும் லார்ச்சும் நிறைந்த யூரேசியக் காடுகளில் தரைமட்டத்தில் பரவி மரங்களில் பலவற்றை உயிரோடு விட்டுச்செல்லும் தீயே அதிகம். அங்கும் அளவீட்டின் அடிப்படை இதுவே என்றாலும், கீழே சொல்லும் வேர்முறை கருப்பு ஸ்ப்ரூஸ் மரத்தை அடிப்படையாகக் கொண்டது.

களம் இறங்குவதற்கு முன்

வடமேற்கு ஆட்சிப்பகுதியில் ஆய்வு செய்ய அறிவியல் ஆராய்ச்சி உரிமம் பெற வேண்டும். அதை ஆரோரா ஆராய்ச்சி நிலையம் வழங்குகிறது. நிலம் டெனே, மெட்டீ ஆகிய பூர்வகுடி மக்களின் மரபு நிலமாக இருப்பதால் அவர்களுடைய சமூக அமைப்புகளிடம் முன்கூட்டியே பேசி ஒப்புதல் பெறுவதும் பணியின் ஒரு பகுதியே. அதை வெறும் கையெழுத்து வேலையாக எண்ணக் கூடாது. எந்தத் தோப்பு எப்போது கடைசியாக எரிந்தது, எந்தச் சதுப்பு எந்த ஆண்டு வற்றியது என்ற செய்திகளில் பல அவர்களுடைய நினைவில்தான் உள்ளன, வரைபடங்களில் இல்லை.

எரிந்த காடு ஆபத்தான இடம். அடிவேர் எரிந்துபோன மரங்கள் காற்றில்லாத நாளிலும் சாயும். மேலே சாம்பல் மூடி, உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருக்கும் குழிகளில் கால் புதையும். மட்கு அடுக்கின் ஆழத்தில் தீ பனிக்காலம் முழுவதும் கனன்றிருந்து அடுத்த வசந்தத்தில் மீண்டும் மேலெழுவதும் அலாஸ்காவிலும் இதே ஆட்சிப்பகுதியிலும் பதிவான நிகழ்வுதான். தலைக்கவசம், கெட்டியான தோல் காலணி, இருவராகவே செல்லும் வழக்கம் ஆகிய மூன்றையும் எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தாதீர்கள்.

அளவீட்டு இடங்களைத் தேர்ந்தெடுக்க லேண்ட்சாட், சென்டினல்-2 போன்ற செயற்கைக்கோள் படங்கள் உதவும். ஆனால் அவை காட்டும் தீக்கடுமை பெரும்பாலும் மேலிருந்து தெரியும் மாற்றம், அதாவது இலைக்கூரை கருகியதன் அளவு. மண் எவ்வளவு ஆழம் எரிந்தது என்பதை அந்த எண்ணிலிருந்து நம்பகமாக ஊகிக்க இயலாது. ஆகையால் இடத்தேர்வை நிறத்தை மட்டும் வைத்துச் செய்யாமல், வடிகால் நிலையை வைத்துச் செய்யுங்கள்: உலர்ந்த மேட்டு நிலம், நடுத்தர ஈரமுள்ள சரிவு, நீர் தேங்கும் தாழ்நிலம் ஆகிய ஒவ்வொன்றிலும் சில இடங்கள், அவற்றோடு எரியாமல் தப்பிய ஒப்பீட்டுத் தோப்புகள். தீ எந்த மாதத்தில் அவ்விடத்தைக் கடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோடையின் பிற்பகுதியில் நிலம் ஆழமாக உருகி மட்கும் ஆழமாக உலர்ந்துவிடுவதால், ஆகஸ்டில் வந்த தீ ஜூனில் வந்த தீயைவிட ஆழமாகத் தோண்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

எரிந்துபோன ஆழத்தை எப்படி அறிவது

இல்லாமல் போன ஒன்றை அளக்க வேண்டியிருப்பதே இந்தப் பணியின் கடினம். தீக்கு முன் அங்கே யாரும் குறியிட்டு வைத்திருக்க மாட்டார்கள். நல்வாய்ப்பாகக் கருப்பு ஸ்ப்ரூஸ் மரமே அந்தக் குறியைத் தன் உடலில் வைத்திருக்கிறது. அடிமரத்தைச் சுற்றிப் பாசி உயர உயர, அம்மரம் தண்டிலிருந்து புதிய வேற்றிட வேர்களைப் பாசிக்குள் விடுகிறது. எனவே மிக மேலே உள்ள வேற்றிட வேர், பழைய பாசிப்பரப்புக்குச் சில சென்டிமீட்டர் கீழே இருந்திருக்கும். தீக்குப் பின் அவ்வேர்கள் தண்டில் கருகிய முளைகளாக, எஞ்சிய தரைக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும்.

எஞ்சிய மட்குப் பரப்பிலிருந்து மிக மேலுள்ள வேர்முளை வரை உயரத்தை அளந்து, அதனோடு ஒரு திருத்தத்தைக் கூட்டுங்கள். அந்தத் திருத்தம் என்பது உயிருள்ள பாசிப்பரப்புக்கும் மேல்வேருக்கும் இடையிலான வழக்கமான இடைவெளி. இதை எந்தக் கட்டுரையிலிருந்தும் எடுத்துக்கொள்ளாமல், நீங்கள் வேலை செய்யும் அதே பகுதியின் எரியாத தோப்புகளில், அதே வடிகால் வகைகளில், பாசியை விரலால் விலக்கி நீங்களே அளக்க வேண்டும். ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது கார்பன் கணக்குக்கு வரும்போது விளங்கும்.

ஒரு மரத்தை மட்டும் அளந்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அடிமரத்தை ஒட்டிய பகுதி, மழை அதிகம் விழாத உலர்ந்த ஊசியிலைச் சருகால் ஆனதாக இருந்தால், மற்ற இடங்களைவிட ஆழமாக எரிந்திருக்கும். மரங்களுக்கு நடுவே ஈரமான ஸ்பாக்னம் பாசித் திட்டு இருந்தால், அது மேலே இலேசாகக் கருகியதோடு தப்பியிருக்கும். ஒவ்வோர் இடத்திலும் நேர்கோடு ஒன்றைப் போட்டு, சம இடைவெளியில் உள்ள புள்ளிகளில் எஞ்சிய மட்கின் தடிமனையும், கோட்டை ஒட்டிய பல மரங்களில் வேர் உயரத்தையும் அளந்து, எரியாமல் தப்பிய திட்டுகளின் பரப்பளவையும் தனியே மதிப்பிடுங்கள். ஜாக் பைன் என்னும் இன்னொரு ஊசியிலை மரத்தின் தோப்பில் இத்தகைய வேர்கள் இல்லை. அங்கே அதே வயதும் அதே வடிகாலும் உள்ள எரியாத தோப்பின் மட்குத் தடிமனிலிருந்து எஞ்சிய தடிமனைக் கழிப்பதே வழி. அதன் பிழைவரம்பு பெரிது என்பதை அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஆழத்திலிருந்து கார்பனுக்கு

மட்கு அடுக்கின் மாதிரிகளை எரிந்த இடத்திலும் எரியாத இடத்திலும் எடுக்க வேண்டும். இதற்குப் பற்கள் கொண்ட ரொட்டி அறுக்கும் கத்தியே மிகச் சிறந்த கருவி. பத்து அல்லது இருபது சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டியாக, மட்குக்குக் கீழுள்ள கனிம மண் வரை அறுத்து எடுத்து, பக்கவாட்டில் படுக்கவைத்து, உயிருள்ள பாசி, நார் தெரியும் மட்கு, நார் அழிந்து கறுத்த மட்கு எனப் பிரித்து, ஒவ்வொன்றின் தடிமனையும் குறியுங்கள். அமுக்கி எடுத்தால் கட்டி குறுகிவிடும். ஆகவே கட்டியின் உயரத்தோடு குழியின் ஆழத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். ஆய்வகத்தில் 60 பாகை செல்சியசில் எடை மாறாத நிலைவரை உலர்த்தி, உலர் எடையைக் கன அளவால் வகுத்தால் பரும அடர்த்தி கிடைக்கும். கார்பன் விழுக்காட்டைத் தனிமப் பகுப்பானில் அறியலாம். எரிந்த மாதிரிகளில் சாம்பலின் கார்பனேட்டும் கார்பனாகவே எண்ணப்படும் என்பதால், மேற்பரப்புச் சாம்பலைத் தனியே வழித்தெடுத்து வையுங்கள்.

விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. மேல் 5 சென்டிமீட்டரின் பரும அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.03 கிராம், அடுத்த 5 சென்டிமீட்டரின் அடர்த்தி 0.07 கிராம், கார்பன் 42 விழுக்காடு என்று கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் தடிமன் என்பது 50,000 கன சென்டிமீட்டர். எனவே மேலடுக்கில் 1,500 கிராம் உலர்பொருளும் 630 கிராம் கார்பனும், கீழடுக்கில் 3,500 கிராம் உலர்பொருளும் 1,470 கிராம் கார்பனும் உள்ளன. பத்து சென்டிமீட்டர் எரிந்திருந்தால் இழப்பு 2.1 கிலோ கார்பன்.

இப்போது திருத்தத்தில் 3 சென்டிமீட்டர் பிழை நேர்ந்து, உண்மையில் 13 சென்டிமீட்டர் எரிந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் கூடக்கூட மட்கு அடர்ந்துகொண்டே போவதால் அந்த 3 சென்டிமீட்டரின் அடர்த்தி 0.09 கிராமாக இருக்கலாம். அதில் மட்டும் 1.13 கிலோ கார்பன் இருக்கிறது. ஆழத்தில் 30 விழுக்காடு வித்தியாசம், இழப்பில் 54 விழுக்காடு வித்தியாசமாக வளர்ந்துவிடுகிறது. பின்னால் எவ்வளவு நுட்பமான கருவியைக் கொண்டுவந்தாலும் இந்தப் பிழையைச் சரிசெய்ய முடியாது. களத்தில் கிடைக்கும் நேரத்தில் பெரும்பங்கை ஆழ அளவீட்டுக்கும் எரியாத தோப்புகளின் திருத்தத்துக்கும் ஒதுக்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

கார்பன் அனைத்தும் காற்றோடு போய்விடுவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு பகுதி முழுமையாக எரியாமல் கரியாக மாறி மண்ணிலேயே தங்குகிறது. அது சாதாரண மட்கைவிட மெதுவாகச் சிதைவது. மேற்பரப்பில் கிடக்கும் கரித்துண்டுகளைக் குறிப்பிட்ட பரப்பளவிலிருந்து பொறுக்கி எடைபோட்டு இழப்பிலிருந்து கழிக்க வேண்டும்.

புகையாகப் போனது எந்த வாயுவாக

மரக்கிளைகள் சுடர்விட்டு எரிகின்றன. மட்கு சுடரில்லாமல், குறைந்த வெப்பத்தில், நாள்கணக்கில் கனன்று எரிகிறது. இவ்வேறுபாடு பசுமைக்குடில் வாயுக் கணக்கை மாற்றிவிடும். சுடரெரிப்பில் கார்பன் ஏறக்குறைய முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகிறது. கனலெரிப்பில் கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் கூடுகின்றன. எரிதிறனை அறிய, புகையில் காணும் கூடுதல் கார்பன் டை ஆக்சைடை, கூடுதல் கார்பன் டை ஆக்சைடு, கூடுதல் கார்பன் மோனாக்சைடு ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இந்த விகிதம் 0.9க்கு மேல் இருந்தால் சுடர் மேலோங்கியது; 0.85க்குக் கீழ் இறங்கினால் கனல் மேலோங்கியது என்று கொள்ளலாம்.

நீங்கள் செல்லும்போது புகை அடங்கியிருக்கும் என்பதால் வெளியான உமிழ்வுக் காரணிகளையே நம்ப வேண்டியிருக்கும். அவை பொதுவாக ஒரு கிலோ உலர்பொருளுக்கு இத்தனை கிராம் வாயு என்று தரப்படுகின்றன. பொருளின் கார்பன் அளவு ஏறத்தாழப் பாதி என்ற அனுமானம் அவற்றுக்குள் பொதிந்திருக்கும். உங்கள் பாசியில் 42 விழுக்காடுதான் கார்பன் என்றால், அக்காரணிகளை அப்படியே பெருக்கும்போது மண் இழந்ததைவிட அதிகக் கார்பன் காற்றில் சேர்ந்ததாக விடை வரும். எனவே இழந்த கார்பனை முதலில் விகிதப்படி பிரித்துவிட்டுப் பிறகு வாயுவாக மாற்றுங்கள். மேலே கண்ட 2.1 கிலோவில் 86 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடாகவும், 12 விழுக்காடு கார்பன் மோனாக்சைடாகவும், 1 விழுக்காடு மீத்தேனாகவும் போனதாகக் கொண்டால், 44ஐ 12ஆல் வகுத்த விகிதத்தைப் பெருக்கி 6.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். 16ஐ 12ஆல் வகுத்த விகிதத்தைப் பெருக்கி 28 கிராம் மீத்தேன் கிடைக்கும். நூறாண்டுக் காலத்தில் மீத்தேனின் வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 27 மடங்கு. எனவே அந்த 28 கிராம், முக்கால் கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையாகிறது. ஒரே ஒரு விழுக்காட்டுக் கார்பன் கணக்கில் இவ்வளவு இடம் பிடிப்பதால் கனலெரிப்பை ஒதுக்கிவிட முடியாது.

எரிந்த கார்பனின் வயது

எடையை மட்டும் சொல்லும் கணக்கு பாதிக் கணக்கே. போரியல் காடு தீயோடு சேர்ந்தே வளர்ந்த காடு. இரு தீகளுக்கு இடையிலான நூறு ஆண்டுகளை ஒட்டிய இடைவெளியில் மட்கு அடுக்கு தடித்து, அடுத்த தீயில் அதன் மேற்பகுதி எரிந்து, அடிப்பகுதி தப்பி நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் தப்பும் அந்தப் பகுதி சேர்ந்து சேர்ந்துதான் காடு கார்பன் சேமிப்பாக இருந்துவந்தது. முன்னைய தீயில் தப்பிய இந்தப் பழைய கார்பனை இப்போதைய தீ தொட்டதா இல்லையா என்பதே என் பார்வையில் இத்துறையின் தலையாய கேள்வி. ஏனெனில் தோப்பின் வயதுக்குட்பட்ட கார்பன் மட்டும் எரிந்திருந்தால் மீண்டும் வளரும் காடு அதை ஈடுசெய்ய வழியுண்டு. பழைய சேமிப்பு எரிந்திருந்தால் அவ்விடம், அந்தத் தீச்சுற்று முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும், காற்றுக்குக் கார்பன் கொடுக்கும் இடமாக மாறிவிட்டது.

இதை அறிய இரண்டு வயதுகள் தேவை. தோப்பின் வயதைப் பல மரங்களின் அடித்தண்டு வெட்டுகளில் ஆண்டு வளையங்களை எண்ணி அறியுங்கள். எஞ்சிய மட்கின் மேற்பரப்பு வயதை, கரியைச் சுரண்டிவிட்டு, நுண்வேர்களை இடுக்கியால் நீக்கிவிட்டு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் சீவியெடுத்த மாதிரியைக் கார்பன்-14 (பொருளின் வயதைக் காட்டும் கதிரியக்கக் கார்பன்) ஆய்வுக்கு அனுப்பி அறியுங்கள். வேர்களை நீக்காவிட்டால் அவை இளங்கார்பனைக் கலந்து முடிவைக் கெடுத்துவிடும். எஞ்சிய மேற்பரப்பு தோப்பைவிட இளையது என்றால் பழைய சேமிப்பு அதன் கீழே பத்திரமாக இருக்கிறது. தோப்பைவிட மூத்தது என்றால் தீ பழைய சேமிப்புக்குள் இறங்கிவிட்டது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றின் கார்பன்-14 அளவு 1960களின் நடுப்பகுதியில் உச்சம் தொட்டு இறங்கியதால், அண்மைக் கால மாதிரி ஒன்றுக்கு இரண்டு ஆண்டுகள் பொருந்தக்கூடும்; அருகிலுள்ள இன்னொரு அடுக்கையும் ஆய்ந்தால் குழப்பம் தீரும்.

2014 தீயில் எரிந்த தோப்புகளில் இம்முறையைக் கையாண்டபோது, முதிர்ந்த தோப்புகளில் பழைய கார்பன் எரிந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. முந்தைய தீ நிகழ்ந்து 60 ஆண்டுகள்கூட ஆகாத, உலர்ந்த நிலத்து இளந்தோப்புகளில் அது எரிந்திருந்தது. அத்தகைய இளந்தோப்புகள் அந்த ஆண்டு எரிந்தவற்றில் சுமார் 3.4 லட்சம் ஹெக்டேர் அளவு இருந்தன. தீயின் இடைவெளி குறைவதை எண்ணி அஞ்ச வேண்டியதன் காரணம் இதுதான். ஆகவே உங்கள் இடங்களில் இளந்தோப்புகளைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகற்றவை, மெல்லிய மட்கு உடையவை என்று ஒதுக்கப்படுபவை பெரும்பாலும் அவையே.

தீக்குப் பிந்தைய ஆண்டுகளில் வாயு அளவீடு

தீ அணைந்த பிறகும் மண் மூச்சு விடுகிறது. மரங்கள் மடிந்ததால் வேர்களின் சுவாசம் நின்று, கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றம் முதல் ஆண்டுகளில் பொதுவாகக் குறையும். அதைக் கண்டு மண் மீண்டுவிட்டதாக எண்ணக் கூடாது. கறுத்த தரை வெயிலை அதிகம் ஈர்க்கிறது, வெப்பத்தைத் தடுத்துவந்த பாசி இல்லை, நிரந்தர உறைமண் ஆழமாக உருகத் தொடங்குகிறது. அதில் பல காலம் உறைந்திருந்த கரிமப்பொருள் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. நிலம் உலர்ந்திருந்தால் கார்பன் டை ஆக்சைடும், உருகிச் சரிந்து நீர் தேங்கினால் மீத்தேனும் வரும்.

அளவீட்டுக்கு ஒளிபுகாத மூடுகலமும் அது பொருந்தி அமரும் வளையமும் வேண்டும். வளையத்தை அளவீட்டுக்குக் குறைந்தது சில நாள் முன்பே பதியுங்கள். பதிக்கும்போது அறுபடும் வேர்களும் குலையும் மட்கும் முதல் நாள்களில் பொய்யான வாயுவைத் தரும். எரிந்த மட்கு நொறுங்கும் தன்மையுடையது என்பதால் வளையத்தின் விளிம்பில் காற்று கசியாதபடி ஈர மணலை அணையுங்கள். கலத்தை மூடி, கையடக்க வாயுப் பகுப்பானால் செறிவு ஏறும் வேகத்தைப் பதிவுசெய்து, அவ்வேகத்தைக் கலத்துக் காற்றின் மூலக்கூறு அடர்த்தியாலும் கலத்தின் பயனுறு உயரத்தாலும் (கன அளவை அடிப்பரப்பால் வகுத்தது) பெருக்குங்கள். 15 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 42.3 மோல் உண்டு. கலத்தின் உயரம் 25 சென்டிமீட்டராகவும், கார்பன் டை ஆக்சைடு நொடிக்குப் பத்து லட்சத்தில் 0.2 பங்கு வீதம் ஏறுவதாகவும் இருந்தால், பாய்வு சதுர மீட்டருக்கு நொடிக்கு 2.1 மைக்ரோமோல்.

மீத்தேனில் கூடுதல் பொறுமை வேண்டும். உலர்ந்த மேட்டு மண் மீத்தேனை வெளியிடுவதில்லை, உறிஞ்சுகிறது. அதன் வேகம் நொடிக்குச் சதுர மீட்டருக்கு அரை நானோமோல் எனில், அதே கலத்தில் ஐந்து நிமிடத்தில் செறிவு நூறு கோடியில் வெறும் 14 பங்குதான் குறையும். காற்றிலோ நூறு கோடியில் 1,900 பங்குக்கும் மேல் மீத்தேன் இருக்கிறது. இந்த அளவை உணரும் லேசர் பகுப்பான் இல்லாவிட்டால், கலத்தை அரை மணி நேரத்துக்கு மேல் மூடிவைத்து, இடையிடையே நான்கு முறை ஊசிக்குழாயால் மாதிரி எடுத்துக் காற்றுப்புகாக் குப்பிகளில் அடைத்து, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவியான கேஸ் குரோமட்டோகிராஃபில் ஆய வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடுக்கும் இதே முறைதான். நைட்ரஜன் பற்றாக்குறையுள்ள இம்மண்ணில் அது பெரும்பாலும் மிகச் சிறிதாகவே இருக்கும்.

ஒவ்வோர் அளவீட்டோடும் மண் வெப்பநிலை, ஈரம், உருகிய ஆழம் மூன்றையும் குறியுங்கள். உருகிய ஆழத்தை, உறைமண்ணில் முட்டும்வரை எஃகுக் கம்பியை இறக்கி அளக்கலாம். கோடை இறுதியில், ஆகஸ்டு கடைசியிலோ செப்டம்பரிலோ, அது உச்சத்தில் இருக்கும். பல ஆண்டு மாற்றத்தைக் காத்திருந்து அளக்க இயலாதவர்கள், வெவ்வேறு ஆண்டுகளில் எரிந்த தோப்புகளை வரிசைப்படுத்தி ஒப்பிடலாம். பின்லாந்தின் லாப்லாந்தில் வார்ரியோ இயற்கைக் காப்பகத்தில் இத்தகைய வரிசை ஆய்வுகள் நடந்துள்ளன. தோப்புகளின் வடிகாலும் மண்வகையும் ஒத்திருந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும்.

எண்களை வெளியிடுதல்

2023இல் கனடாவின் காடுகள் எரிந்தபோது வெளியேறிய கார்பன், செயற்கைக்கோள் காட்டிய கார்பன் மோனாக்சைடை வைத்து, ஏறத்தாழ 64 கோடி டன் என மதிப்பிடப்பட்டது. அந்த அளவை மிஞ்சிப் புதைபடிவ எரிபொருளால் ஓராண்டில் கார்பன் வெளியிடும் நாடுகள் இந்தியா, சீனா, அமெரிக்கா மட்டுமே. அத்தகைய வான்வழி மதிப்பீடுகளைச் சரிபார்க்கத் தரையில் எடுத்த அளவீடுகளே துணை என்பதால், உங்கள் எண்கள் நீங்கள் எண்ணாத இடங்களிலும் பயன்படும். ஆகையால் இறுதிச் சராசரியோடு நிறுத்தாமல், ஒவ்வொரு மரத்தின் வேர் உயரம், எரியாத தோப்பில் கண்ட திருத்தம், அடுக்குவாரியான பரும அடர்த்தி, கார்பன் விழுக்காடு, தோப்பின் வயது, தீ கடந்த தேதி ஆகியவற்றைத் தனித்தனியாகவே வெளியிடுங்கள். கனடாவின் தேசிய உமிழ்வு அறிக்கை, மேலாண்மைக்கு உட்பட்ட காடுகளில் பெரிய இயற்கைத் தீயால் வரும் உமிழ்வை மனிதச் செயல்களின் கணக்கில் சேர்க்காமல் தனியே காட்டுகிறது. உங்கள் எண்ணை அதனோடு ஒப்பிடும்போது எந்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பெயரிட்டுக் குறிப்பிடுங்கள். உரிமம் தந்த நிலையத்துக்கும் ஒப்புதல் தந்த சமூகங்களுக்கும் முடிவுகளை அவர்கள் படிக்கும் மொழியில் அனுப்பிவிட்டு, அளவீட்டு இடங்களின் மூலைக்கம்பிகளை அவர்கள் அனுமதியோடு அங்கேயே விட்டுவையுங்கள். அடுத்த தீ வரும்போது, மட்கின் ஆழத்தை வேர்முளைகளிலிருந்து ஊகிக்காமல் நேரடியாகவே அளக்க அவை உதவும்.